எங்கள் வீட்டில் கிருஷாந்தன் என்று யாரும் இல்லை

மாத்தளை.

பெருமதிப்புக்குரிய பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் மழைக்கால இருமல் ஏதுமின்றி நலமாயிருக்க வேண்டிக்கொண்டு, தேயிலைத் தொழிற்சாலையில் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்ற நல்லையா பணிவுடன் எழுதுவது.

சென்ற ஞாயிறு தங்கள் பத்திரிகையில் "மாத்தளை இளைஞர் கிருஷாந்தனின் சாதனை: பொதுத் தரவுத்தளத்தால் தாயும் சேயும் நலம்" என்ற செய்தி கண்டோம். தாயும் சேயும் நலம் என்பது சரி. மற்ற இரண்டும் பிழை. எனக்கு மகனே கிடையாது. கிருஷாந்தினி என்று ஒரே மகள்தான். நான் கொதித்துக்கொண்டிருக்க, அவள் சொன்னாள்: "ஆம்பளன்னு போட்டா போட்டுட்டுப் போறாங்கப்பா. பொதுத் தரவுத்தளம்னு போட்டிருக்காங்க பாருங்க, அதத்தான் தாங்க முடியல. அது வேணாம்னுதானே ரெண்டு வருசமா மண்டைய ஒடச்சிக்கிட்டேன்?"

ஆகையால் நடந்ததைச் சொல்கிறேன். சீகிரியா, மாத்தளை, யட்டவத்தை மூன்று ஊரிலும் முச்சக்கர வண்டிக்காரர்களுக்கு ஹயர், அதாவது சவாரி, அனுப்பும் சேர்வர் ஒவ்வொன்றை என் மகள் வைத்து நடத்துகிறாள். முன்பு மூன்றும் தங்கள் செய்திகளை மாத்தளையிலிருந்த ஒரே தரவுத்தளத்தில்தான் போட்டு எடுத்தன. அது படுத்தால் மற்ற இரண்டும் உயிரோடிருந்தும் வாய் திறக்காது. சாரதிகள் என் வாசலில் வந்து நிற்பார்கள், நான் பிளேன்டீ கொடுத்துச் சமாளிப்பேன். மகள் அந்தப் பொதுக் கிடங்கையே தூக்கியெறிந்தாள். இப்போது ஒவ்வொரு சேர்வரும் செய்தியைத் தன்னிடமே பதிந்துகொண்டு மற்ற இரண்டுக்கும் நகல் அனுப்பும். மூன்றில் இரண்டிடம் இருந்தால் செய்தி உறுதி. ஒன்று விழுந்தால் மீதி இரண்டும் காரியத்தை நடத்தும். விழுந்தது எழுந்ததும் விட்டுப்போனதைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். இதை நான் சலூனில் விளக்கியபோது எனக்கு ஒரு பக்க மீசை போயிற்று, ஏனென்றால் சவரம் செய்கிறவரும் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

போன மாத இடிமழையில் எங்கள் வீட்டிலிருந்த மாத்தளை சேர்வர் கருகிப்போனது. அந்த நேரம் பார்த்து யட்டவத்தையில் றமீஸா என்ற பெண்ணுக்குப் பிரசவ வலி, கணவர் ஊரில் இல்லை, றமீஸாவே போனில் வண்டி கேட்டிருக்கிறார். நான் கருகிய பெட்டியின் முன் கைகூப்பி நின்றேன். மகள் லெப்டொப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், "அதக் கும்பிடாதீங்கப்பா, அது செத்துருச்சு. மத்த ரெண்டும் பேசிக்கிட்டிருக்கு" என்றாள். அதுவரை பரீட்சித்துப் பார்த்திருந்தாளே தவிர, நிஜமாக ஒருவருக்கு உதவி தேவைப்பட்டது அன்றுதான் முதல் தடவை. கொஞ்ச நேரத்தில் சாரதி ஜிப்ரி ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தார். "எறக்கிட்டேன் அங்கிள், உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க. மாத்தள சேர்வர் செத்துருச்சா? எனக்குத் தெரியவே தெரியாது. ஹயர் வந்துச்சு, போனேன்." தெரியவே தெரியாது என்றாரே, அதுதான் ஐயா சாதனை. மகள் மேசையில் தலைசாய்த்து அழுதாள். என் மனைவி அழகம்மாவும் அழுதாள். நான் மழை பார்க்க வெளியே போய்விட்டேன்.

இப்படிப்பட்ட பிள்ளையைத் தாங்கள் ஆணாக்கியதன் விளைவைக் கேளுங்கள். "எப்பங்க மகன் பொறந்தாரு, சொல்லவே இல்லையே" என்று சொந்தக்காரர்கள் குறைப்படுகிறார்கள். நேற்று உக்குவளையிலிருந்து கல்யாணத் தரகர் மாரிமுத்து ஒரு பெண்ணையும் பெற்றவர்களையும் அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். "தம்பி வேலைக்குப் போயிட்டாருங்களா?" என்றார். மகள் அறையிலிருந்து வந்து, "தம்பி நான்தாங்க, உக்காருங்க" என்றாள். பெண்ணின் தாயார் கையிலிருந்த வடை அப்படியே நின்றது. அழகம்மா மூன்று தரம் தேநீர் ஊற்றி நிலைமையைச் சமாளித்தாள்.

எனவே அடுத்த ஞாயிறே, முதற்பக்கத்தில், கொட்டை எழுத்தில், கிருஷாந்தினி நல்லையா என்ற முழுப் பெயருடன் திருத்தம் வெளியிட வேண்டும். தாமதித்தால் நேரில் வருவேன்.

தங்கள் பிள்ளைகளும் அச்சு இயந்திரங்களும் நோய்நொடியின்றி நீண்டகாலம் ஓட முத்துமாரியம்மன் துணையிருப்பாளாக.

இப்படிக்கு,
கிருஷாந்தினியின் தகப்பன்,
நல்லையா

பி.கு.: உறையை ஒட்டும்போது மகள் தடுத்துவிட்டாள். நேற்று வந்த பெண் கணினிப் பட்டதாரியாம். "ரெண்டு சேர்வர் ஒண்ணா விழுந்தா என்ன செய்வீங்க?" என்று அவள் கேட்டு, இருவரும் இருட்டும்வரை பேசினார்கள். திங்கட்கிழமை முதல் அவள் மகளிடம் வேலைக்கு வருகிறாள். இன்னும் இரண்டு பேர் வேண்டுமாம். மாரிமுத்துவிடம் படித்த பெண்களின் ஜாதகம் நிறைய இருக்கிறது. ஆகவே பொதுத் தரவுத்தளத்தை மட்டும் உடனே திருத்துங்கள். கிருஷாந்தன் இன்னும் ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகட்டும்.