ஹூட்டோஸ் கூப்பிட்ட பெயர்

மாரிகுப்பத்திலிருந்து பெங்களூர் போகும் காலை ரயிலில் ஏறி இறங்கிய லட்சோப லட்சம் பேரில், வடையை வைத்துப் பழங்கால கிரேக்க இலக்கணம் நடத்தியவர் ஒரே ஒருவர்தான். சாம்பியன் ரீப்ஸில் ஏறுவார். தொழில் ஃபிட்டர். தினமும் கூடப் போய்வரும் நாங்கள் வைத்த பெயர் ஹூட்டோஸ்.

“அறுபது வயசுல இன்னாத்துக்கு சார் கிரீக்கு?” என்று ஒருநாள் கேட்டேன்.

“முப்பது வருஷமா டிராயிங்ல ஆல்பா, தீட்டான்னு பாத்துட்டே கீறேன். அது இன்னா பாஷைன்னு தெரிஞ்சிக்க வேணாமா?”

பாடம் செல்போனில். வயர் அவர் காதில், வாய் எங்களிடம். முதலில் சுட்டுப்பெயர்கள் வந்தன.

“மொத்தம் மூணு. என் கையில கீற வடை ஹோடெ. உன் கையில கீற வடை ஹூட்டோஸ். அதோ, பக்கத்துப் பொட்டிக்குப் பூட்ட வடை எக்கெய்னோஸ்.” சொல்லிக்கொண்டே என் வடையைப் பிடுங்கினார். “இப்ப இது இன்னா?”

“ஹோடெ” என்றேன், வயிறெரிய.

“கரெக்ட்!” என்று தின்றுவிட்டார்.

அடுத்த வாரம் விளி வேற்றுமை. ‘ஓஸ்’ என்று முடியும் ஆண் பெயர், கூப்பிடும்போது ‘எ’ ஆகிவிடுமாம். முன்னால் ஒரு ‘ஓ’ வேறு. முருகன் என்கிற நான் முருகோஸ் ஆகி, “ஓ முருகே!” ஆனேன். எதிர் சீட்டு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பெயர் தெரியாதவரை வெறும் “ஹூட்டோஸ்!” என்றே கூப்பிடலாமாம், நம் ‘இந்தா’ மாதிரி. டிக்கெட் பரிசோதகரை அப்படிக் கூப்பிட்டார். “ஏன்ரீ, பைய்தீரா?” என்று அவர் கன்னடத்தில் எகிற, இது திட்டு இல்லை, இலக்கணம் என்று புரியவைப்பதற்குள் மாலூர் வந்துவிட்டது. பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.

ஒருநாள் கண் ஆஸ்பத்திரிக்காக மனைவியையும் கூட்டிவந்தார். பங்காருபேட்டையில் தண்ணீர் பிடிக்க அந்த அம்மாள் இறங்கினார். ரயில் நகர்ந்துவிட்டது. பார்வை மங்கலாக இருந்ததால் அந்த அம்மாள் எதிரே நின்ற வேறு ரயிலை நோக்கி விறுவிறுவென்று நடந்தார்.

ஹூட்டோஸ் வாசலில் தொங்கிக்கொண்டு கத்தினார். “இந்தா! இந்தாம்மே!”

பிளாட்ஃபாரத்தில் பத்துப் பெண்கள் திரும்பினார்கள். அந்த அம்மாள் மட்டும் திரும்பவில்லை. கல்யாணமான நாளிலிருந்து மனுஷன் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை என்பது அதுவரை எங்களுக்குத் தெரியாது. மூச்சை இழுத்தார்.

“ஓ சரோஜா!”

அந்த அம்மாள் அப்படியே நின்று திரும்பினார். யாரோ சங்கிலியை இழுத்தார்கள். நாங்கள் இரண்டு பேர் ஓடிப்போய்க் கைப்பிடித்து ஏற்றினோம்.

“இன்னாய்யா, ஊரே பாக்க பேர் சொல்லி கூப்புடுற?”

“ஆவன்னால முடியிற பொம்பள பேரு, கூப்புட்டாலும் மாறாதாம்மே. சரோஜா சரோஜாதான்.”

அந்த அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக, “எங்க, இன்னொரு தபா கூப்புடு” என்றார்.

நான் இறங்க வேண்டியது ஒயிட்ஃபீல்டில். அது எனக்கு ஞாபகம் வந்தபோது ரயில் கண்டோன்மென்ட்டைத் தாண்டியிருந்தது.