தூசியால் பயன்பெற்ற பொதுமக்கள்

தனக்குக் கிண்டல் செய்ய வரும் என்று நம்பிக்கொண்டிருக்கும் ஆளைவிட ஆபத்தான ஆள் ஒரு குடும்பத்துக்குக் கிடையாது. எங்கள் குடும்பத்தில் அந்த ஆள் நான்தான்.

அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறம் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனராக இருக்கிறேன். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, பிறந்தநாள், பணி ஓய்வு, எதுவானாலும் போட்டோவைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தால் போதும், டீ ஆறுவதற்குள் வாசகம் தயார். பக்கத்துத் தெருவுக்கே தெரியாதவர்களை 'வாழும் வரலாறே' என்று எழுதியிருக்கிறேன். இரண்டு தெருவுக்கு கேபிள் கனெக்‌ஷன் கொடுப்பவரை 'விண்ணை ஆளும் வேந்தே' ஆக்கியிருக்கிறேன். இத்தனை வருடத்தில் ஒருவர்கூட "இது கொஞ்சம் ஓவரா இருக்குங்களே" என்று சொன்னதில்லை. "எழுத்த இன்னும் கொஞ்சம் பெருசாக்குங்க" என்றுதான் சொல்வார்கள். இந்த ஒரு விஷயத்தை மட்டும் நான் ஒழுங்காக யோசித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

என் அக்கா பாக்கியத்தை விக்கிரமங்கலம் பக்கம் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறது. இரண்டு ஏக்கர் பருத்தி, ஒரு கிணறு. வயலுக்கு மேற்கே சிமெண்டுக்குக் கல் எடுக்கும் சுரங்கம். அதை நடத்தும் நிறுவனத்துக்கு நீளமான ஒரு பெயர் இருந்தாலும் ஊரில் எல்லோருக்கும் அது 'கம்பெனி'தான். மதியம் சங்கு ஊதிவிட்டு வெடி வைப்பார்கள். அலமாரியில் பாத்திரம் ஆடும். லாரி போன பிறகு பருத்தி இலையில் விரலால் பெயர் எழுதலாம். அதையெல்லாம்கூட அக்கா பொறுத்துக்கொண்டாள். கிணற்றைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. பள்ளம் ஆழமாக ஆழமாக இவள் கிணற்றில் தண்ணீர் கீழே போய்க்கொண்டிருந்தது. மாமா (அக்கா வீட்டுக்காரர்) ஒவ்வொரு கோடையிலும் மோட்டாரைக் கயிற்றில் கட்டி இன்னும் கொஞ்சம் கீழே இறக்குவார். இந்த நிலையில் கம்பெனி சுரங்கத்தை அக்காவின் வரப்பு வரைக்கும் விரிவாக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. அது நடந்தால் கிணறு போச்சு. கிணறு போனால் அந்தக் குடும்பம் திருப்பூருக்குப் பஸ் ஏற வேண்டியதுதான்.

அக்காவுக்குத் தெரிந்த வழி மனு. திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்துவிட்டு, ஒப்புகைச் சீட்டை ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டு வைப்பாள். அந்தப் பை குண்டாகிக்கொண்டே வந்தது. திரும்பும்போது என் கடைக்கு வந்து ஃபேன் கீழே உட்கார்ந்து தண்ணீர் குடிப்பாள். நான் அவள் மனுவை வாங்கிப் படித்து, 'கனம் பொருந்திய ஐயா அவர்களுக்கு' என்ற இடத்திலேயே சிரித்துவிடுவேன்.

"இதெல்லாம் எவன் படிப்பான்? அவனுங்கள நாலு பேரு பாத்துச் சிரிக்கணும்க்கா. மானம் போனாத்தான் வழிக்கு வருவானுங்க" என்றேன்.

"எப்புடிடா போகும்?" என்று கேட்டாள். அவள் கேட்டது மானம் எப்படிப் போகும் என்று. நான் காட்டுகிறேன் என்று கிளம்பினேன். (சனி அன்றைக்கு என் நாக்கில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.)

திட்டம் இதுதான். கம்பெனிக்கு ஒரு நன்றிப் பேனர். பத்துக்கு எட்டு. நடுவில் ஜி.எம். என்று ஊரில் எல்லோரும் சொல்லும் பொது மேலாளரின் படம். அதைக் கம்பெனியின் பொங்கல் வாழ்த்து அட்டையிலிருந்து எடுத்தேன். தலைக்குப் பின்னால் ஒளிவட்டம். கீழே நான் ஒரு வாரம் தூக்கமில்லாமல் செதுக்கிய வரிகள்:

'கைக்காசு கேட்காமல் எங்கள் வீடுகளுக்கு தினமும் வெள்ளையடிக்கும் வள்ளலே!'

'காய் வெடிக்கும் முன்பே பருத்தியை வெளுக்க வைத்த வித்தகரே!'

'யாரும் தவறி விழுந்து மூழ்கிவிடாதபடி எங்கள் கிணறுகளை வற்ற வைத்த உயிர் காவலரே!'

அடியில், 'இவண்: தூசியால் பயன்பெற்ற பொதுமக்கள்.' அதற்கும் அடியில், பழக்க தோஷத்தில், எங்கள் கடைப் பெயர்.

லாரிகள் திரும்பும் முக்கில் காலை ஏழு மணிக்கே கட்டிவிட்டு, எதிரில் இருந்த டீக்கடையில் உட்கார்ந்தேன். ஊர் விழுந்து விழுந்து சிரிக்கப் போகிறது, பேப்பர்காரர்கள் வரப் போகிறார்கள், கம்பெனி ஆட்கள் முகத்தை மூடிக்கொண்டு ஓடிவந்து கிழிக்கப் போகிறார்கள் என்றெல்லாம் கற்பனை. முதல் அரை மணி நேரத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. டீக்கடைக்காரர் வெளியே வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு முழுதையும் படித்தார். "நல்லாருக்கு தம்பி. கம்பெனியில வேல கெடச்சிருச்சா?" என்றார். இன்னொருவர், கம்பெனி ஏதோ இலவசமாகக் கொடுக்கிறது என்று நினைத்துக்கொண்டு, பெயர் எங்கே எழுத வேண்டும் என்று கேட்டார்.

மூன்றாம் நாள் கம்பெனி வந்தது. கிழிப்பதற்கு வரவில்லை. இரண்டு காரில், போட்டோகிராபரோடும் நான்கு பெட்டி லட்டோடும் வந்தது. முன்னால் இறங்கியவர் கம்பெனியின் மக்கள் தொடர்பு அதிகாரி, ஜெயங்கொண்டத்துப் பையன், என்னைவிட ஐந்து வயது சின்னவன். பின்னால் ஜி.எம். அவர் தன் படத்தை அண்ணாந்து பார்த்தார். கண் கலங்கியதாகக்கூட எனக்கு ஒரு ஞாபகம்.

அடுத்து நடந்ததற்கு எங்கள் ஊர்ப் பழக்கம்தான் காரணம். யாருக்குப் பேனர் வைத்திருக்கிறதோ அவரே அந்தப் பேனருக்குக் கீழே வந்து நின்றுவிட்டால், அவரை வெறும் கழுத்தோடு நிற்க விடுவது மரியாதை இல்லை. அவர் எதிரியா நண்பனா என்பதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். யாரோ கோயிலுக்கு ஓடி ஒரு மாலையைக் கொண்டுவந்தார்கள். யாரோ வீட்டு பீரோவிலிருந்து ஒரு பொன்னாடை வந்தது. யார் போடுவது என்று பார்த்தபோது, டீக்கடைக்காரர் என் முதுகில் கை வைத்து, "தம்பிதாங்க எல்லாத்தையும் எழுதி வச்சது" என்று முன்னால் தள்ளினார். மாலை என் கையில். கேமரா என் முகத்தில். 'இது கிண்டல்' என்று கத்த வேண்டிய நேரம் அது. நான் மாலையைப் போட்டேன். பொன்னாடையை விரித்துப் போர்த்தினேன். அது போதாது என்று கும்பிட்டேன். லட்டும் வாங்கிக்கொண்டேன். (ரெண்டு.)

கூட்டத்துக்குப் பின்னால் அக்கா நின்றுகொண்டிருந்தாள். தலையில் இருந்த புல்லுக்கட்டோடு அப்படியே திரும்பி நடந்து போய்விட்டாள்.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. ஒரு மாதம் கழித்து அந்த ஜெயங்கொண்டத்துப் பையன் எங்கள் கடைக்கே வந்தான். பென் டிரைவைக் கொடுத்து, நான் ஜி.எம்.முக்குப் பொன்னாடை போர்த்திவிட்டுக் கும்பிடும் படத்தைப் பெரிய அளவில் அடிக்க வேண்டும் என்றான். மேலே 'மக்கள் மனதில் நாங்கள்' என்று போடச் சொன்னான். முதலாளி பூரித்துப்போனார். நான்தான் டிசைன் செய்தேன். படத்தில் என் முகம் இருட்டாக இருந்தது. கை பழக்கத்தில் கொஞ்சம் வெளிச்சம் கூட்டிக்கூடக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டதற்கு, வியாழக்கிழமை கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு என்றான். சுரங்க விரிவாக்கம் பற்றி ஊர் மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம். அக்கா இரண்டு வருடமாக மனு கொடுத்துக் காத்திருந்த கூட்டம்.

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அக்காவுக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். "நீ வா. கயிறு புடிக்க ஆளு வேணும்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில். மணமக்கள் உட்காரும் மேடையில் அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில், ஆள் உயரத்துக்கு, நான் ஜி.எம்.மைக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். கம்பெனிப் பையன் மைக்கில் அழகாகப் பேசினான். இந்த ஊர் மக்கள் எங்கள் மேல் எவ்வளவு பாசம் வைத்திருக்கிறார்கள் என்பதற்கு இந்தப் படமே சாட்சி என்றான். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. எழுந்து ஓடி மைக்கைப் பிடித்தேன்.

"சார், அது நான் வச்ச பேனர்தான் சார். நன்றி இல்ல. கிண்டல்."

கூட்டத்தை நடத்திய அதிகாரி கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். எந்தக் கடை என்று கேட்டார். சொன்னேன்.

"போன வருஷம் எனக்கு ப்ரமோஷன் வந்தப்ப ஆபீஸ்ல ஒரு பேனர் வச்சாங்க. 'கருணைக் கடலே, நேர்மையின் நெருப்பே'ன்னு. கீழ உங்க கடைப் பேருதான் இருந்துச்சு" என்றார். "அதுவும் கிண்டலுங்களா?"

ஆமாம் என்றால் அவரை அவமானப்படுத்தியதாகிவிடும். இல்லை என்றால் ஜி.எம். நிஜமாகவே வள்ளல், வித்தகர், உயிர் காவலர். மண்டபம் முழுக்க என்னையே பார்க்கிறது. கம்பெனிக்காரர்கள் தரப்பில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நான் ஆசைப்பட்ட சிரிப்பு ஒருவழியாக வந்தது, என்னைப் பார்த்து.

அப்போதுதான் அக்கா எழுந்து வந்தாள். ஜவுளிக்கடைப் பையை மேஜைமேல் வைத்தாள். என் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"எந்தம்பி நன்றி சொன்னது நெசந்தாங்க. மாலை போட்டதும் நெசந்தான். எங்க ஊருல வாத்தியாரு மாத்தலாகிப் போனா மாலை போடுவோம். போஸ்ட்மேன் ரிட்டயர்டானா பொன்னாடை போத்துவோம். இவங்களுக்கும் எல்லா மரியாதையும் செஞ்சு, ஸ்வீட்டும் தின்னாச்சு." ஜி.எம். பக்கம் திரும்பினாள். "இன்னும் கெளம்பலையேங்க?"

மண்டபமே சிரித்தது. டீக்கடைக்காரர் நாற்காலியைத் தட்டிச் சிரித்தார். அதிகாரி குனிந்து காகிதத்தைப் பார்ப்பதுபோலச் சிரித்தார். ஒரு வாரம் தூக்கம் கெட்டு நான் செதுக்கிய வரிகளுக்கு வராத சிரிப்பு, அக்காவின் ஒரு கேள்விக்கு வந்தது. பொறாமையாக இருந்தது, சத்தியமாக.

சிரிப்பு அடங்குவதற்குள் அவள், கூடவே கொண்டுவந்திருந்த ஒரு சாக்கிலிருந்து கயிற்றை எடுத்தாள். மோட்டார் இறக்கும் கயிறு. ஒவ்வொரு கோடையிலும் தண்ணீர் எது வரைக்கும் இறங்கியதோ அந்த இடத்தில் மாமா ஒரு துணியைக் கட்டி வைத்திருந்தார். ஒரு முனையை என்னிடம் கொடுத்து நடக்கச் சொன்னாள். நான் மேடையிலிருந்து நடந்தேன். முதல் துணி முன்வரிசை நாற்காலியிலேயே வந்துவிட்டது. அடுத்தது மூன்றாம் வரிசை. நான் நடந்துகொண்டே இருந்தேன். வாசல் தாண்டி, செருப்புக் குவியலையும் தாண்டி, வெயிலில் போய் நின்ற பிறகுதான் கயிறு முடிந்தது. உள்ளே அக்கா பேசுவது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. ஆனால் அப்போது யாரும் சிரிக்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

வெயிலில் கயிற்று முனையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எனக்கு ஒன்று உறைத்தது. அவளுடைய ஒவ்வொரு மனுவிலும் அவள் பெயர், ஊர், கையெழுத்து இருந்தது. என் பேனரில் 'பொதுமக்கள்' என்று போட்டிருந்தேன். தைரியமாகக் கிண்டல் செய்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தவன், என் பெயரைப் போடுவதற்குப் பயந்திருக்கிறேன். வெட்கமாகப் போய்விட்டது.

கூட்டம் முடிந்ததும் கம்பெனிப் பையன் டீ டம்ளரோடு என் பக்கத்தில் வந்து நின்றான். "அண்ணே, பேனரப் பாத்த அன்னைக்கே எனக்குப் புரிஞ்சிருச்சு" என்றான். "கிழிச்சிருந்தா பேப்பர்ல வந்திருக்கும். அதான் மாலைய வாங்கிக்கிட்டோம்." அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. என் வரிகளைப் புரிந்துகொண்டு படித்த ஒரே வாசகன் அவன்தான்.

அக்கா வயல் பக்கத்து விரிவாக்கத்தை, கிணறுகளை ஆய்வு செய்யும் வரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஆய்வு நடந்துகொண்டிருக்கிறது. (எப்போது முடியும் என்று கேட்காதீர்கள்.) லாரிகள் இப்போது தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டு போகின்றன. வெடிச் சங்கு அதே நேரத்துக்கு ஊதுகிறது.

அந்தப் பெரிய படத்தைக் கம்பெனிக்காரர்கள் மண்டபத்திலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அக்கா அதைச் சுருட்டி எடுத்துவந்து மோட்டார் கொட்டகைக்குக் கூரையாகப் போட்டிருக்கிறாள். உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால் நான் கும்பிட்டுக்கொண்டிருப்பேன். யாராவது யார் என்று கேட்டால், "எந்தம்பிதான். கம்பெனிக்கு வழியனுப்பு விழா நடத்துனான்" என்பாள்.

எங்கள் சொந்தத்தில் இப்போது எந்த வீட்டில் விருந்தாளி ஒரு நாள் கூடுதலாகத் தங்கினாலும், "மாலை வாங்கிட்டு வரவா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. போன பொங்கலுக்கு அக்கா வீட்டில் நான்கு நாள் இருந்தேன். ஐந்தாம் நாள் காலையில் காபியோடு வந்தவள், மாட்டுக்குப் போட்டதுபோக மீதி இருந்த செவ்வந்தி மாலையை என் கழுத்தில் போட்டு, கும்பிட்டு, "ரொம்ப நன்றி தம்பி" என்றாள். மாமா, பிள்ளைகள் எல்லோரும் கைதட்டினார்கள்.

நான் காபியைக் குடித்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். கம்பெனி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.