பார்சிப்பனி சபையில் நாற்பது ஞானவாதிகள்

பார்சிப்பனி, நியூ ஜெர்சி
ஞாயிறு மாலை

கிறிஸ்துவுக்குள் மதிப்பிற்குரிய சைலஸ் அத்தானுக்கு, மைத்துனன் ஜெபதாஸ் பயபக்தியோடு எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் அமலியும் இங்கே சுகம். பனியும் முழங்கால் உயரத்துக்குச் சுகமாகக் கிடக்கிறது. நீங்களும் அக்காவும் அங்கே சுகம் என்பதைத் தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் வரும் எட்டு வசனங்களிலிருந்து தெரிந்துகொள்கிறேன். பிறகு ஏன் காகிதத்தில் எழுதுகிறான் என்று கேட்பீர்கள். நேற்று நடந்தது கட்டைவிரலால் எழுதுகிற விஷயம் இல்லை அத்தான்.

எங்கள் தமிழ்ச் சபைக்குப் புதிதாக வந்திருக்கும் போதகர் ரெனிஷ், தவக்காலச் சனிக்கிழமைகளில் ஆதிச்சபை வரலாறு பேசுங்கள் அங்கிள் என்றார். வேதாகமக் கல்லூரியில் நாற்பது வருஷம் பாடம் நடத்திய உங்களுக்கு மைத்துனனாக இருந்துகொண்டு மாட்டேன் என்று சொல்ல முடியுமா? போன சனிக்கிழமை ஞானவாதிகளைப் பிடித்துக்கொண்டேன். இரண்டாம் நூற்றாண்டில் சபைக்கு உள்ளேயே இருந்துகொண்டு, இந்த உலகத்தைப் படைத்தது உண்மையான கடவுள் இல்லை, விவரம் தெரியாத ஒரு சின்னக் கடவுள், உடம்பு என்பது சிறை, உள்ளே மாட்டிக்கொண்ட ஒளிப்பொறிதான் நாம், ரகசிய ஞானம் கிடைத்த சிலர் மட்டும் தப்பிப்பார்கள், இயேசுவுக்கே நிஜ உடம்பு இல்லை, சும்மா அப்படித் தோன்றினார் என்றெல்லாம் சொன்னார்களே, அவர்களை. அவர்களில் ஒருவர், இயேசு சாப்பிட்டார், குடித்தார், ஆனால் வெளிக்குப் போகவில்லை என்றே சொன்னதாகக் குறிப்பு இருக்கிறது. சபையில் எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் கூட்டம் ஒழிந்து ஆயிரத்தைந்நூறு வருஷமாகிறது என்று பெருமையாக முடித்தேன். அதோடு வீட்டுக்கு வந்திருக்கலாம். நிரூபிக்கிறேன் என்று பெயர் போடாத ஒரு கேள்வித்தாளை வேறு கொடுத்தேன்.

நாற்பத்தொரு பேப்பர் வந்தது. அத்தான், நாற்பது பேர் ஞானவாதிகள்! 'சிறுவன் இயேசுவுக்கு வயிற்றுப்போக்கு வந்திருக்குமா?' என்ற கேள்விக்கு அத்தனை பேரும் 'சீச்சீ, வராது'. ஒருத்தர் மட்டும் 'கேட்கிற வாயைக் கழுவுங்க' என்று எழுதியிருந்தார். அமலி கையெழுத்து எனக்குத் தெரியாதா? 'மரித்தபின் உடம்பு என்னாகும்?' என்பதற்கு எல்லோரும் 'கூடு விழும், ஆத்துமா பறக்கும், அவ்வளவுதான்'. பச்சை மையில் எழுதியிருந்தவர் போதகர். எந்தக் கல்லூரியில் எவர் பாடம் எடுத்தாரோ! உங்களிடம் படித்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா? யோசிக்காமல் நான் நிரப்பிய பேப்பரும் அந்த நாற்பதில் ஒன்று என்பதையும் வெட்கத்தோடு எழுதிவிடுகிறேன்.

நாற்பத்தொன்றாவது பேப்பரில் பென்சிலால், 'இதே சரீரம் எழுந்திருக்கும். கட்டாயம்' என்று இருந்தது. நேற்று அதைச் சபையில் வாசித்து, இது யார் எழுதினது, கொஞ்சம் கை தூக்குங்க என்றேன். கடைசி வரிசையில் புஷ்பவல்லி ஆன்ட்டி எழுந்தார். அவர் மகள் சாந்தி பிறந்ததிலிருந்து நடந்ததில்லை, பேசினதில்லை. முப்பத்தொரு வயதில் போன அக்டோபரில் இறந்துபோனாள். அன்றிலிருந்து ஆன்ட்டி நற்கருணை எடுக்க முன்னால் வந்ததே இல்லை. நாங்கள் மூட்டுவலி என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

"பாஸ்டர், அடக்கத்தன்னிக்கு ஒண்ணு சொன்னீங்களே, 'சாந்தி இந்த உடம்புங்கிற சிறையிலேர்ந்து விடுதலையாயிட்டா'ன்னு. அது எனக்கு ஆறவேயில்ல."

போதகர் ரொம்ப மெதுவாக, "அந்த உடம்பேவா ஆன்ட்டி திரும்ப வேணும்?" என்று கேட்டார்.

"நடக்கட்டும், ஓடட்டும், யாரு வேணாங்கிறா? ஆனா கை அவ கையா இருக்கணும். முப்பத்தோரு வருஷம் நகம் வெட்டிவிட்டவ நான். ஆயிரம் கைக்கு நடுவுல வச்சாலும் கண்டுபிடிப்பேன். அதைப் போய் ஜெயிலுன்னு சொல்லலாமா? அவ அதுலதானே சிரிச்சா?"

போதகர் இறங்கிப் போய் அவர் காலடியில் தரையிலேயே உட்கார்ந்து, "தப்பாச் சொல்லிட்டேன் ஆன்ட்டி, மன்னிச்சிடுங்க" என்றார். "சரி சரி, எந்திரிங்க, எல்லாரும் பனி பூட்ஸோட மிதிச்சு கார்ப்பெட் ஈரமா கெடக்கு" என்றார் ஆன்ட்டி. சிரிக்கவா அழவா என்று எங்களுக்குத் தெரியவில்லை. எழுந்து, ஞாயிறுதோறும் சொல்கிற விசுவாசப் பிரமாணத்தைச் சொன்னோம். 'சரீரம் உயிர்த்தெழுதலும்' வந்தபோது நாற்பது பேரும் நிறுத்திவிட்டோம். ஒரே ஒரு குரல் அந்த வரியைத் தனியாகச் சொல்லிக்கொண்டு போனது. மறுபடி முதலிலிருந்து எல்லோரும் சேர்ந்து சொன்னோம்.

அறுபது வருஷமாக ரயில் அறிவிப்பு மாதிரி ஒப்பித்த வரி அத்தான். பூமியைப் படைத்தவர், பிறந்தார், பாடுபட்டார், அடக்கம்பண்ணப்பட்டார் என்று ஒவ்வொன்றையும் சபை அழுத்திச் சொன்னதற்கு அந்த ஞானவாதிகளும் ஒரு காரணம் என்று படித்திருக்கிறேன், பாடமும் எடுத்தேன். ஆனால் ஆதிச்சபையில் யாரோ சிலர், மண்ணும் நகமும் கடவுளுக்கு வேண்டியவைதான் என்று அத்தனை காலத்துக்கு முன்னால் அடம்பிடித்தது பார்சிப்பனியில் ஒரு அம்மாவுக்காகவும்தான் என்று நேற்றுதான் புரிந்தது. இன்னும் உடம்பு சிலிர்க்கிறது. ஆமாம், உடம்புதான்.

அக்காவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். உங்கள் இருவரையும், சுகர், பிரஷர் உட்பட முழுமையாக ஆண்டவர் காப்பாராக.

அன்பு மைத்துனன்,
ஜெபதாஸ்

பி.கு.: உறையை ஒட்டுகிற நேரத்தில் போதகர் ரெனிஷ் காபி குடிக்க வந்தார். அந்தச் சிறைப் பேச்சை எங்கே பிடிச்சீங்க தம்பி என்று கேட்டேன். "செகண்ட் இயர் நோட்ஸ் அங்கிள். அடக்கத்துக்கு மாதிரிப் பிரசங்கம்னு கிளாஸ்ல எழுதிப்போட்டார், அப்படியே மனப்பாடம் பண்ணிட்டேன்" என்றார். யார் எழுதிப்போட்டது? "சைலஸ் சார்." மேலே கல்லூரியைப் பற்றி எழுதியதை அடித்துவிடுங்கள். உறையின் பின்பக்கம் புஷ்பவல்லி ஆன்ட்டியின் விலாசம் இருக்கிறது அத்தான். இரண்டு வரி போடுங்கள்.