கட்டில் பலகையில் ஒரு பேஸ் பாக்ஸ்

ஜெமிமா டீச்சர் பள்ளிக்கூடம் விட்டு வந்து, கைப்பையை ஆணியில் மாட்டிவிட்டு, ஐந்து நிமிஷம் முதுகைச் சாய்க்கலாம் என்று கட்டிலில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் மெத்தையோடு தரைக்குப் போய்ச் சேர்ந்தாள். கட்டிலின் சட்டமும் நான்கு கால்களும் அவளைச் சுற்றி வேலி மாதிரி நின்றன. நடுவில் இருந்த பலகையைக் காணோம்.

"என்னங்க," என்று அங்கிருந்தபடியே கூப்பிட்டாள்.

கொல்லைப்புறத்திலிருந்து டேவிட்சன் எட்டிப் பார்த்தார். காதில் பென்சில், தலை முழுக்க மரத்தூள்.

"நீ ஆறு மணிக்குத்தான் வருவேன்னு நெனைச்சிகினு இருந்தேன்," என்றார்.

"பலகை எங்க?"

"முக்கால் இஞ்ச் பிளைவுட் ஜெமிமா. ஆறரைக்கு அஞ்சு. ஒங்கப்பா குடுத்தது. இந்த மாதிரி சரக்கு இப்ப எந்தக் கடையில கெடைக்குது, நீயே சொல்லு."

கேட்ட கேள்விக்கு இது பதிலில்லை. ஆனால் டேவிட்சனிடம் எதைக் கேட்டாலும் மரம், காற்று, மின்சாரம் மூன்றையும் சுற்றிவிட்டுத்தான் பதில் வந்து சேரும். பதினோரு வருஷமாகக் குடும்பம் நடத்துகிற ஜெமிமாவுக்கு அது தெரியும். எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். அவளுடைய சீதனக் கட்டில் ஆறு துண்டுகளாகச் சுவரில் சாய்ந்திருந்தது.

திருத்தணி ஸ்டேஷன் பக்கம் 'ஜெமிமா சவுண்ட் சர்வீஸ்' என்றால் தெரியாதவர்கள் கிடையாது. கெட்டுப்போன ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுபோய் வைத்தால், டேவிட்சன் திறந்து பார்ப்பதற்கு முன்னால் ஒருமுறை முகர்ந்து பார்ப்பார். எது கருகியது என்று அதிலேயே சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட மனுஷனுக்கு முந்தின ஆடிக் கிருத்திகையில் ஒரு பெரிய அவமானம் நடந்துவிட்டது. மலையடிவாரத்து மெல்லிசைக் கச்சேரிக்கு விழாக் குழு மெட்ராஸ் செட்டை வரவழைத்துவிட்டது. டேவிட்சனுக்குக் கிடைத்தது பஸ் ஸ்டாண்டில் இரண்டு கூம்பு ஸ்பீக்கரும், காணாமல் போனவர்களை அறிவிக்கிற வேலையும்தான். மூன்று நாள் பேர் சொல்லிக் கூப்பிட்டு, கடைசியில் ஊர் அவருக்கே பேர் வைத்துவிட்டது. 'காணாமப்போன டேவிட்சன்.'

பேரைக்கூடப் பொறுத்துக்கொண்டார். ஆனால் அன்றைக்குக் கூட்டத்தோடு கூட்டமாக நின்று மெட்ராஸ் செட்டைக் கேட்டார் பாருங்கள், அந்த பேஸ் என்கிற கனத்த அடிச்சத்தம் வந்து நெஞ்சில் இடித்தது. காதில் இல்லை, நெஞ்சில். அதிலிருந்து அவருக்குத் தூக்கம் போய்விட்டது. மெட்ராஸ் ரிச்சி தெருவுக்கு ரயிலேறிப் போய் ஒரு பதினெட்டு இஞ்ச் ஸ்பீக்கரை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அதற்குப் பெட்டி செய்யத்தான் கட்டில் பலகை. விழாக் குழுச் செயலாளர் பரந்தாமனைப் பத்து தடவை பார்த்து, இந்த வருஷம் முதலில் தம்முடைய செட்டைக் கேட்டுவிட்டு முடிவு செய்வதாக வாக்கு வாங்கினார். பரந்தாமன் மார்க்கெட்டில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். எதையும் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவார்.

ஜெமிமா எல்லாவற்றையும் கேட்டாள். கோபம் இருந்தது. ஆனால் அந்த ஆறு பலகையையும் அவர் தொட்ட விதத்தைப் பார்த்தால் முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை.

"கிருத்திகைக்குள்ள இந்தப் பொட்டி ஒழுங்காப் பேசணும். இல்லேன்னா பிரிச்சு, பழையபடி பலகையைக் கட்டில்ல போட்டுடணும். அதுவரைக்கும் நான் தரையில படுத்துக்கறேன்."

"ஆங்," என்றார் டேவிட்சன். அவருக்கு அது போதும்.

பெட்டியைச் சேர்க்க நகரியிலிருந்து தச்சர் வீராச்சாரி வந்தார். இருவரும் ஒரே வயசு. பழக்கமாகி இருபது வருஷம். உறவு ஒன்றும் கிடையாது, ஆனாலும் தெலுங்கு மச்சான் முறையில் 'பாவா' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். வீராச்சாரி கதையெல்லாம் நன்றாகத் தமிழில் பேசுவார். கையில் அளவு டேப்பை எடுத்துவிட்டால் மட்டும் நாக்கு தெலுங்குக்குப் போய்விடும். பதினெட்டு என்றால் இரண்டாம் தரம் கேட்பார், 'பத்தெனிமிதி' என்றால் உடனே உளியை எடுப்பார். அதனால் டேவிட்சனும் அளவை மட்டும் தெலுங்கிலேயே சொல்லிப் பழகிவிட்டார்.

வேலை என்றால் அப்படி ஒரு வேலை. இரண்டடி அகலம், மூன்றடி உயரத்தில் பெட்டி. மூலையில் பல் வைத்துக் கோத்து, பசை விட்டு, உள்ளே குறுக்குக் கட்டை கொடுத்து, காற்றுக் கசியாமல் அடைத்திருந்தார். டேவிட்சன் உள்ளே ஊதுபத்தி கொளுத்தி வைத்து வெளியே மோந்து பார்த்தார். ஸ்பீக்கருக்குக் கீழே வேண்டுமென்றே விட்டிருந்த ஒரே ஓட்டை வழியாகத்தான் புகை வந்தது. உள்காற்று வெளியே வந்தால் பேஸ் கூடும் என்று அவரே கணக்குப் போட்டு விட்ட ஓட்டை அது, ஒரு டம்ளர் வாயளவு.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, சாயந்திரம் பரந்தாமன் குழுவோடு வந்தார். டேவிட்சன் கேசட்டைப் போட்டார். பேஸ் வந்தது. நிஜமாகவே வந்தது. கூடவே அந்த ஓட்டையிலிருந்து, ஒவ்வோர் அடிக்கும் ஒருதரம், நீளமாக, ஈரமாக, 'புர்ர்ர்' என்று ஒரு சத்தமும் வந்தது.

முதல் தரம் பரந்தாமன் தமக்குப் பின்னால் நின்ற குழுப் பொருளாளரைத் திரும்பிப் பார்த்தார். பொருளாளர் சத்தியம் செய்கிற முகத்தோடு நின்றார். மூன்றாவது தரத்தில்தான் பெட்டி என்று தெரிந்தது. ஜெமிமா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"சாமி பாட்டுக்கு நடுவுல இந்தச் சத்தம் வரலாமா டேவிட்சன்?" என்று மட்டும் பரந்தாமன் கேட்டார். கிருத்திகைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. சத்தம் நின்றால் மேடை உமக்கு, இல்லையென்றால் பஸ் ஸ்டாண்டு இருக்கவே இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரவெல்லாம் யோசித்து டேவிட்சன் ஒரு முடிவுக்கு வந்தார். காற்று போவதால்தான் சத்தம். ஓட்டையே இல்லையென்றால் பேஸ் கொஞ்சம் குறையும், ஆனால் மானம் போகாது. பெட்டியை டெம்போவில் ஏற்றி நகரிக்கு அனுப்பினார். கூடப் போக முடியவில்லை. ஆடி மாசம், தெருவுக்குத் தெரு அம்மனுக்குக் கூழ், மைக் செட்காரனுக்கு மூச்சுவிட நேரமில்லை. மறுநாள் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய், ஆச்சாரி பட்டறைக்குப் பக்கத்துக் கடைக்கு போன் போட்டு ஆளைக் கூப்பிடச் சொன்னார். நகரி ஏழு மைல்தான், ஆனால் அடுத்த மாநிலம். மீட்டர் ஓடுகிற வேகத்தைப் பார்த்துக்கொண்டே சுருக்கமாகப் பேசினார்.

"பாவா, ஹோல் மூடு. வெச்சுடறேன்."

வீராச்சாரியும் சரி என்றார்.

நாலாம் நாள் ஒரு மத்தியானம் கிடைத்தது. நகரிக்குப் போனார். பெட்டியில் மூன்று ஓட்டைகள் இருந்தன. பழைய ஓட்டைக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, அதே அளவில், அழகாக இழைத்து விட்டிருந்தது. டேவிட்சன் ஒவ்வொன்றிலும் விரலை விட்டுப் பார்த்தார். ஆச்சாரி கல்யாணத்துக்குத் திருப்பதி போயிருந்தார். அவர் மனைவி கௌரியம்மாள் மோர் கொடுத்தாள். போனில் சரியாகக் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று டேவிட்சன் தம்மைத் தாமே சமாதானம் செய்துகொண்டு, சாக்பீஸ் வாங்கி, ஓட்டைகளுக்கு மேலே அம்புக்குறி போட்டு, பெரிய எழுத்தில் 'மூடு' என்று எழுதினார். ஆச்சாரிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. கௌரியம்மாளுக்குத் தெரியும். வெளியே பஸ் ஹாரன் அடித்தது.

"பாவா வந்ததும் இதைப் படிச்சுக் காட்டும்மா, அவனுக்குப் புரியும்," என்று சொல்லிவிட்டு ஓடினார்.

"ஆங், காட்டறேண்ணா," என்றாள் கௌரியம்மாள்.

இரண்டு நாள் கழித்து, திருத்தணி நகரி பஸ்ஸின் கண்டக்டர் துரைக்கண்ணு கடை வாசலில் வந்து நின்றான். பட்டறை அவன் போகிற வழியில்தான் இருந்தது.

"அண்ணே, உன் பொட்டியில இப்ப ஆறு ஓட்டை. பணியாரக் கல்லு மாதிரி கீது."

டேவிட்சன் கையிலிருந்த சால்டரிங் அயர்னை மெதுவாகக் கீழே வைத்தார். நேரில் போய்ச் சொல்லக் கூடாதா என்று ஜெமிமா கேட்டாள். அன்றைக்கு மட்டும் அவருக்கு நாலு கோயில். அதோடு, இருபது வருஷச் சிநேகிதனிடம் நேரில் போனால் வாய்க்கு வந்ததைப் பேசிவிடுவோம் என்று பயமாகவும் இருந்தது. துரைக்கண்ணுவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரே ஒரு வார்த்தை சொல்லு. மூடு. அவ்ளோதான். கூட எதுவும் பேசாத, அவன் கொழம்பிடுவான்."

துரைக்கண்ணு நாணயமானவன். பட்டறை வந்ததும் படியில் தொங்கிக்கொண்டே, "ஆச்சாரி, டேவிட்சன் அண்ணன் மறுபடியும் மூடுன்னாரு," என்று கத்திவிட்டு விசில் கொடுத்தான்.

ஆடிக் கிருத்திகையன்று மத்தியானம் டெம்போவில் பெட்டி வந்து இறங்கியது. மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று, மொத்தம் ஒன்பது ஓட்டைகள். ஒவ்வொன்றின் விளிம்பும் விரல் வழுக்குகிற மாதிரி இழைத்து, கறுப்பு பாலிஷ் போட்டிருந்தது. இவ்வளவு சுத்தமான வேலையை டேவிட்சன் அதுவரை பார்த்ததில்லை. அதனாலேயே அழுகை வந்தது. பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார்.

"கட்டிலா இருந்தப்ப இதுல ஒரு ஓட்டைகூட இல்ல," என்றாள் ஜெமிமா. இனிமேல் பிரித்துக் கட்டிலில் போட்டாலும் பிரயோஜனமில்லை என்று அவளுக்கும் தெரிந்தது. மனுஷனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பீரோவைத் திறந்து பழைய பொதட்டூர்பேட்டை லுங்கிகளை எடுத்து வந்து கிழித்து, அவளே உட்கார்ந்து ஒன்பது ஓட்டையிலும் திணித்தாள்.

சாயந்திரம் மலையடிவாரத்தில் நிற்க இடமில்லை. காவடிகள் ஒருபக்கம் மேலே போய்க்கொண்டிருந்தன. முன்வரிசையில் பரந்தாமன் உட்கார்ந்திருந்தார். காதைத் தீட்டிக்கொண்டுதான் வந்திருப்பார். மெட்ராஸ் செட்காரருக்கு அவர் முன்பணம் கொடுத்து டீக்கடையில் தயாராக உட்கார வைத்திருந்தது டேவிட்சனுக்குத் தெரியும். 'புர்ர்' என்று ஒன்று வந்தால் போச்சு, ஆயுசுக்கும் பஸ் ஸ்டாண்டுதான்.

டிரம்ஸ்காரர் பெரிய டிரம்மை முதல் அடி அடித்தார்.

ஒன்பது துணியும் ஒரே நேரத்தில் வெளியே பறந்தன. எட்டு எங்கே போயினவோ தெரியாது. ஒன்பதாவது, நீலக் கட்டம் போட்டது, நேராகப் போய்ப் பரந்தாமன் தோளில் விழுந்தது. யாரோ பொன்னாடை போர்த்துகிறார்கள் என்று அவர் எழுந்து கூட்டத்துக்குக் கும்பிடு போட்டார். கூட்டமும் கை தட்டியது.

அவர் கும்பிட்ட கையோடு இரண்டாவது அடி விழுந்தது. அந்தக் கை இறங்கவேயில்லை. அடி நெஞ்சில் போய் உட்கார்ந்தது. சுத்தமான, கனமான, வட்டமான அடி. ஒரு பிசிறு இல்லை, ஒரு 'புர்' இல்லை. ஒன்பது வாயும் சேர்ந்து காற்றைப் பூப்போல வெளியே விட்டன. டீக்கடைக் கண்ணாடி டம்ளர்கள் தாளம் போட்டன. மெட்ராஸ் செட்காரர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்து பெட்டி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தார். டிரம்ஸ்காரர் தம் கையா இது என்று ஒருமுறை கையைப் பார்த்துக்கொண்டார். டேவிட்சன் மிக்ஸருக்குப் பின்னால் நின்று, தம் நெஞ்சைத் தடவிக்கொண்டு, குழந்தை மாதிரி சிரித்தார். ஜெமிமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கட்டில் போனால் போகட்டும் என்று அப்போதுதான் மனசாரத் தோன்றியது.

கச்சேரி முடிந்ததும் பரந்தாமன் லுங்கித் துண்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். இனி எல்லா வருஷமும் மேடை டேவிட்சனுக்குத்தான் என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, அந்த ஒன்பது ஓட்டை என்ன கணக்கு என்று கேட்டார்.

டேவிட்சனுக்கு அந்த நேரத்தில் வாயில் வந்தது, "நவக்கிரகங்க."

பரந்தாமன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஜெமிமா கணவனின் இடுப்பில் கிள்ளினாள்.

மறுநாளே டேவிட்சன் ஜெமிமாவையும் கூட்டிக்கொண்டு, இரண்டு கிலோ ஜிலேபியோடு நகரிக்குப் போனார். வழியெல்லாம் அவருக்கு ஒரே உருக்கம். இவ்வளவு நாள் தாம்தான் கணக்குத் தெரிந்தவர் என்று நினைத்துக்கொண்டிருந்தோமே, பெட்டிக்கு என்ன வேண்டும் என்பது அந்த மனுஷன் கைக்கல்லவா தெரிந்திருக்கிறது. பட்டறையில் நுழைந்ததும் வீராச்சாரியின் மரத்தூள் படிந்த இரண்டு கையையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"பாவா, நான் மூணு தரம் மூடுன்னு சொல்லியும் நீ மூடல பாரு. நீதான்யா கலைஞன். அந்த ஒம்பது ஓட்டைக் கணக்கை எங்க புடிச்ச?"

வீராச்சாரி ஒன்றும் புரியாமல் மனைவியைப் பார்த்தார். கௌரியம்மாள் ஜிலேபிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே சொன்னாள்:

"உன் கணக்குதானே அண்ணா அது? போன்ல ஒரு வாட்டி, சாக்பீஸ்ல ஒரு வாட்டி, பஸ்ஸுல ஒரு வாட்டின்னு மூணு வாட்டி மூடுன்னு சொல்லி அனுப்பின. எங்க தெலுங்குல மூடுன்னா மூணு, மூமூணு ஒம்பது சரியாப் போச்சுல்ல?"