ஜமக்காளத்துக்கு அடியில் என்ன இருந்தது

எங்கள் பக்கத்தில் விருந்தாளி வருகிறார் என்றால் போதும், வீட்டிலுள்ள ஓட்டை உடைசல் எல்லாம் கட்டிலுக்கு அடியில் போய்விடும். பக்கத்து வீட்டு நாற்காலி நம் கூடத்துக்கு வந்துவிடும். (அந்தப் பக்கத்து வீட்டுக்காரரே விருந்தாளியாக வந்தால்தான் சிக்கல்.) இந்தக் குணத்தை அப்படியே ஒரு அரசுப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போன புண்ணியவதி நான்தான்.

கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில் அந்த ஒன்றியப் பள்ளி. எனக்கு வேலை கிடைத்த புதிது. கைப்பையில் சீப்போடு சேர்த்து லட்சியத்தையும் வைத்துக்கொண்டு திரிந்த வயது. என் நாலாம் வகுப்பில் பூங்கொடி என்று ஒரு பெண். பிறந்ததிலிருந்தே கால்கள் இரண்டும் சொன்ன பேச்சு கேட்காது. அதற்கும் சேர்த்து வாய் வேலை செய்யும். அவள் அம்மா சரஸ்வதி விசைத்தறி ஓட்டுகிறவர். காலையில் மகளை இடுப்பில் சுமந்து வந்து, பள்ளியின் உடைந்த படிகளில் ஏறி, வகுப்பில் உட்கார வைத்துவிட்டுத் தறிக்கு ஓடுவார். மதியம் மறுபடி வந்து கழிப்பறைக்குத் தூக்கிப் போவார்.

ஒருநாள் சொன்னார்: "இனி முடியாதுங்க டீச்சர். புள்ள வளந்துபோட்டா. என்ற இடுப்பு தாங்கறதில்லீங்க. அடுத்த வருசத்துலிருந்து ஊட்லயே இருக்கட்டுமுங்க."

பூங்கொடி புத்தகப் பையை மடியோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் அரசாங்க நிதி பற்றிய தகவல் வந்தது. இப்படிப்பட்ட பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்குச் சாய்தளம், கைப்பிடி வைத்த கழிப்பறை, பயிற்சிச் சாமான்கள், வாரத்தில் சில நாள் வந்துபோகும் சிறப்பாசிரியர் எல்லாம் தருவார்களாம். அதிகாரி ஒருவர் நேரில் வந்து பார்த்து, தேவை என்று எழுத வேண்டும். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்றால் அவ்வளவோடு விட்டிருக்கலாம். நானும் எங்கள் தலைமையாசிரியரும் கூடிப் பேசினோம்.

"பள்ளிக்கோடம் இப்புடிக் கெடந்தா யாருங்க குடுப்பாங்க? நல்லா இருக்கற ஊட்டுக்குத்தானுங்க டீச்சர் பொண்ணே குடுப்பாங்க" என்றார் அவர். எனக்கு அது பெரிய தத்துவமாகப் பட்டது.

தறிக்கூடத்தில் லாரிக்குத் துணிமூட்டை ஏற்றும் நீளமான பலகை இருந்தது. லாரி டிரைவர் பழனிசாமி அண்ணனிடம் கெஞ்சி அதை வாங்கிவந்து, உடைந்த படிகளின் மேல் சாய்த்துப் போட்டோம். பலகை தெரியக்கூடாது என்று கல்யாண மண்டபத்திலிருந்து பவானி ஜமக்காளம் வந்தது. தெரிந்த ஆஸ்பத்திரியிலிருந்து சக்கர நாற்காலி. என் சித்தி மகள் வேலை பார்க்கும் காந்திபுரத்துத் தனியார் பள்ளியிலிருந்து இரண்டு பை நிறைய விளையாட்டுச் சாமான். பூங்கொடியை நாற்காலியில் உட்கார வைத்து ஜமக்காளத்தின் மேல் தள்ளிக்கொண்டு போனோம். மகாராணி மாதிரி மேலே போய்ச் சேர்ந்தாள்.

"டீச்சர், நாளைக்கும் இந்தச் சேர் இருக்குமுங்களா?" என்று கேட்டாள்.

"ஆபீசர் வர்ற நேரத்துல பேசக்கூடாது கண்ணு" என்று அடக்கினேன்.

அதிகாரி வந்தார். பவானிக்காரராம். கீழே பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "அட, எங்கூரு ஜமக்காளமுங்க!" என்று செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். நாற்காலியைப் பார்த்தார், சாமான்களைப் பார்த்தார், மனம் குளிர்ந்து பேனாவை எடுத்தார்.

"ரொம்ப சந்தோசமுங்க. எல்லா வசதியும் நீங்களே பண்ணி வெச்சிருக்கீங்க. இந்த நிதிய வசதி இல்லாத வேற பள்ளிக்குக் குடுத்தர்லாமுங்க."

தலைமையாசிரியர் சுவரில் இருந்த ஆத்திசூடியை அப்போதுதான் முதன்முதலாகப் படிப்பவர்போலத் திரும்பிக்கொண்டார். வாசலில், தறியிலிருந்து வந்து நின்ற சரஸ்வதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். போனால் போகட்டும் மானம் என்று நான் துணிந்து சொன்னேன்:

"சார், எங்ககிட்ட ஒண்ணுமே இல்லீங்க சார்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "தெரியுமுங்க டீச்சர். எங்கூட்லயும் 'ஒண்ணுமே பண்ணுலீங்க'ன்னு சொல்லிப்போட்டுத்தான் எல போட்டு பத்து வகை வெப்பாங்க. நம்மூரு அடக்கம் எனக்குத் தெரியாதுங்களா?"

தலைமுறை தலைமுறையாக நாங்கள் சொல்லிவந்த பொய்யடக்கம் முழுவதும் திரண்டு வந்து அன்றைக்கு என் உண்மையின் கழுத்தைப் பிடித்தது. "நெசமாலுமே இல்லீங்க" என்று மறுபடி சொன்னேன். "அதுதானுங்க பெருந்தன்மை" என்று எழுதிக்கொண்டே போனார்.

அப்போது கேட்டில் லாரி ஹாரன். பழனிசாமி அண்ணன்.

"ஏனுங்க டீச்சர், பலகையக் குடுத்தீங்கன்னா லோடு ஏத்திப்போட்டுக் கெளம்பிருவனுங்க. மொதலாளி சத்தம் போடறாருங்க."

ஒரு நிமிடம் முன்புதான் உண்மையைச் சொல்லத் துடித்தேன். ஆனால் பிறவிக்குணம் போகுமா? போய்விடு என்று கண்ணைக் காட்டினேன்.

"கண்ணுல தூசிங்களா?" என்று பரிவாகக் கேட்டுவிட்டு, ஜமக்காளத்தை மரியாதையாகச் சுருட்டி ஓரம் வைத்து, பலகையைத் தோளில் தூக்கிக்கொண்டு அவர் போயே போய்விட்டார்.

அதிகாரி எட்டிப் பார்த்தார். செங்கல் பல்லைக் காட்டிக்கொண்டு படிகள் கிடந்தன.

மதிய மணி அடித்தது. சரஸ்வதி யாரையும் பார்க்காமல் உள்ளே வந்து, மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கினார். பூங்கொடியின் பாதங்கள் அம்மாவின் முழங்காலுக்குக் கீழே தொங்கின. கடைசிப் படியில் சரஸ்வதி தடுமாற, அதிகாரி வெறுங்காலோடு ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தார்.

திரும்பி வந்தவர் என்னைத் திட்டவில்லை. எழுதியதை அடித்தார்.

"ஏனுங்க டீச்சர், நெசமாலுமே ஒண்ணும் இல்லீங்களா?"

"நெசமாலுமே ஒண்ணும் இல்லீங்க சார்" என்றேன். அழுகை வந்துவிட்டது.

அடுத்த வருடம் பூங்கொடி வீட்டில் இருக்கவில்லை. சிமெண்ட் சாய்தளம் வந்தது, சிறப்பாசிரியர் வந்தார், அவளுக்கென்றே ஒரு நாற்காலியும் வந்தது. என் பெயர் மட்டும் ஊருக்குள் 'ஜமக்காள டீச்சர்' என்றே நிலைத்துவிட்டது. அந்தப் பள்ளியையும், மண் படிந்த அந்த ஜமக்காளத்தையும் நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாகத்தான் வரும்.

போன தை மாதம் நாங்கள் கோயம்புத்தூரில் வீடு கட்டிக் குடிபுகுந்தோம். பூங்கொடி வருவாள் என்பதற்காகவே வாசலில் படிக்குப் பக்கத்தில் சாய்தளம் வைக்கச் சொல்லியிருந்தேன். இப்போது அவள் வங்கியில் வேலை பார்க்கிறாள். பாசத்தில் சாய்தளத்தின் மேல் ஒரு புது ஜமக்காளத்தையும் விரித்து வைத்தேன். அம்மாவோடு ஆட்டோவில் வந்து இறங்கியவள், நாற்காலியைச் சாய்தளத்தின் முன்னால் நிறுத்திக்கொண்டு அசையவே இல்லை.

"வா கண்ணு" என்றேன்.

"வாரனுங்க டீச்சர். மொதல்ல அந்த ஜமக்காளத்தத் தூக்கிக் காட்டுங்க. அடியில சிமெண்ட் இருக்குதான்னு பாத்துப்போட்டு ஏறறேன்."

வந்திருந்த உறவுக்கூட்டத்தின் முன்னால், பட்டுப்புடவையோடு குனிந்து, தூக்கிக் காட்டினேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எதற்கும் இந்தக் கேள்விதான். இப்போது என் மகளுக்கு வரன் பார்க்கிறோம். தரகர் மாப்பிள்ளை வீட்டின் தோட்டம், கார், மில் என்று அடுக்கிக்கொண்டே போக, அவள் உள்ளேயிருந்து குரல் கொடுக்கிறாள்: "அம்மா, அடியில சிமெண்ட் இருக்குதான்னு கேளுங்க!"