மாத்யாஷுக்குப் போர்த்திய பொன்னாடை

எங்கள் சனங்களுக்கு ஒருவரின் கலை பிடித்துவிட்டால், வெறும் கைதட்டலோடு மனம் ஆறாது. மேடையேறிப் பொன்னாடை போர்த்தியே ஆக வேண்டும்; அதுவும் அவர் பாடிக்கொண்டிருக்கும்போதே. அந்த வியாதி எனக்குக் கொஞ்சம் முற்றியிருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறாம் ஆண்டு வாக்கில். ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரில் அக்கா வீட்டில் இருந்துகொண்டு மின்வேலை பழகினேன். மேல்மாடி அறைக்கு மாத்யாஷ் என்ற ஹங்கேரிப் பையன் குடிவந்தான். படிக்க வந்தவன், பகல் முழுக்கக் கணினியில் டிரம் அண்ட் பாஸ் இசை செய்தான். (தெரியாதவர்களுக்கு: மேளகாரரை நாய் துரத்தினால் வரும் வேகம், அடியில் நெஞ்சை இடிக்கும் ‘பாஸ்’ என்ற கனத்த ஒலி.)

“உந்தப் பெடியனுக்கு விசரே? அலுமாரிக்குள்ள கோப்பையள் எல்லாம் ஆடுது. போய்ச் சொல்லிப்போட்டு வா” என்று அக்கா அனுப்பினார்.

சொல்லப் போனவன் மூன்று மணிநேரம் கழித்துத்தான் இறங்கி வந்தேன். அன்றிலிருந்து அவனுடைய முதல் ரசிகன், பெட்டி தூக்கி, சாரதி எல்லாம் நானே. விளம்பரத் தாள்களின் அடியில் எறும்பளவு கிடந்த அவன் பெயர் மெல்ல மேலே ஏறியது. என் பெயரே ஏறுவதுபோல் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு ஒரு கோடைகாலப் பகலில், பூங்காவில் நிகழ்ச்சி. பெர்லினிலிருந்து ஓர் இசைத்தட்டு வெளியீட்டாளர் வருகிறாராம். அவருக்குப் பிடித்தால் மாத்யாஷின் முதல் தட்டு வெளிவரும். பிடிக்காவிட்டால் ஊருக்குத் திரும்பி மாமாவின் டயர் கடையில் நிற்க வேண்டும். பயத்தில் அவன் சாப்பிடவேயில்லை. நானோ தமிழ்க்கடைக்கு ஓடிப்போய்ச் சரிகைக் குஞ்சம் வைத்த பொன்னாடை ஒன்று வாங்கினேன்.

சோதனைக்கென்று ஒற்றைப் பிரதியாக வெட்டுவித்த இசைத்தட்டில் அவனுடைய புதுப்பாட்டு தொடங்கியதும் புல்வெளியே துள்ளியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதைவிட நல்ல நேரம் வராது என்று மேடையில் பாய்ந்தேன்.

“இப்ப வேண்டாம்! போ!” என்று மாத்யாஷ் ஜெர்மனில் கத்தினான்.

(எங்கள் வித்துவான்களும் முதலில் வேண்டாம் என்றுதானே சொல்வார்கள்! கூச்சமாக்கும் என்று நினைத்தேன்.) போர்த்தினேன். அவன் உதறினான். குஞ்சம் தட்டின்மேல் ஓடிய ஊசியில் மாட்டி, ‘கிரீச்ச்’ என்றது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. ஆயிரம் பேர் என்னையே பார்த்தார்கள். நான் கும்பிட்டபடி நின்றேன். வேறு என்ன செய்வது? ஒரு நல்ல பையனின் வாழ்க்கையில் மண் அள்ளிப் போட்டுவிட்டேன் என்று அழுகை வந்தது.

அதுவரை மேடைக்கு முதுகைக் காட்டி சொசேஜ் தின்றுகொண்டிருந்த ஒரு மனிதர் அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். அவர்தான் பெர்லின்காரர்.

திடீரெனக் கூட்டம் “திரும்ப! திரும்ப!” என்று ஆர்ப்பரித்தது. இந்த இசையில், பாட்டை நடுவில் நிறுத்தி முதலிலிருந்து போடுவதுதான் பெரிய மரியாதையாம். நான் வேண்டுமென்றே செய்ததாக நினைத்துவிட்டார்கள். மாத்யாஷ் தோளில் இன்னும் தொங்கிய பொன்னாடையோடு ஊசியைத் தொடக்கத்தில் வைத்தான். பெர்லின்காரர் சொசேஜை வைத்துவிட்டு மேடையடிக்கே வந்து நின்று தலையாட்டினார்.

தட்டு வெளிவந்தது. இன்று அவன் பெயர்தான் விளம்பரங்களின் உச்சியில். என்னை மன்னித்துவிட்டான், ஆனால் மேடையேற விடுவதில்லை.

அவன் மன்னித்தாலும் அக்கா விடுவாரா? டோர்ட்மண்டில் எந்தத் தமிழ் விழாவிலும் நான் கதிரையைவிட்டு எழும்பினால் போதும், “தம்பி, இரடா! பாட்டு இன்னும் முடியேல்லை!” என்று மண்டபமே கேட்கக் கத்துவார். நான் எழும்புவது பெரும்பாலும் கழிவறைக்குத்தான். ஆனாலும் ஒலியமைப்பாளர் இரண்டு கைகளாலும் ஒலி கலக்கும் மிக்சரைப் பொத்திக்கொள்கிறார்.