ஏலகிரி வேனில் ஒரு அமெரிக்கப் போராட்டம்

பொறாமைப்படுவதற்குப் படிப்பு தேவையில்லை. நான் ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் எந்தப் பட்டதாரிக்கும் நான் இளைத்தவனில்லை.

பல ஊர் சுற்றியவன் நான். ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் தொட்டியில் இறங்கித் தோல் அலசினேன். லாரி கிளீனராகக் கான்பூர் வரை போனேன். நெல்லூரில் ஓட்டலில் தட்டு கழுவி, அரிசி மூட்டைகளுக்கு நடுவில் படுத்தேன். அப்போதெல்லாம் யார் மேலும் பொறாமை வந்ததில்லை. (வந்திருந்தாலும் அதற்கு நேரம் இருந்திருக்காது.) ஆம்பூருக்குத் திரும்பி, ஷூ கம்பெனியில் சேர்ந்து, கல்யாணமும் ஆன பிறகுதான் வந்தது. காரணம் என் சகலை, அதாவது என் மனைவி மேகலாவின் அக்கா புருஷன்.

அவர் சரித்திர வாத்தியார். வீட்டில் எல்லோருக்குமே 'வாத்தியார்'தான். மாமியார் வீட்டுக்கு நாங்கள் சேர்ந்து போனால் அவருக்குக் கை வைத்த நாற்காலி, எனக்கு ஸ்டூல். அவர் தட்டில் கோழிக்கால் விழும், என் தட்டில் கழுத்து விழும். வேன் பேசி எங்கே போனாலும் டிரைவர் பக்கத்து முன்சீட்டு அவருக்கு. எனக்குக் கடைசி வரிசையில் சக்கரத்துக்கு மேல் இடம், மடியில் புளிச்சோற்று அண்டா. ஒருமுறை சோளிங்கர் மலைக்குப் போய்த் திரும்பியபோது, சாமி கும்பிட்ட நேரத்தைவிட அண்டாவைக் கும்பிட்ட நேரம்தான் அதிகம்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் மேகலா தபால் வழியில் எம்.ஏ. சரித்திரம் சேர்ந்தாள். அவளும் எங்கள் கம்பெனியில்தான் தையல் மெஷினில் இருந்தாள். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய அமெரிக்கா என்று ஒரு பாடம். அதை நடத்த வாத்தியார் ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். நான் டீ போடுவேன்.

"போர்ல சண்ட போட்டுட்டுத் திரும்பி வந்தான் கறுப்பு சிப்பாயி. ஊர்ல ஓட்டல் கவுன்டர்ல அவனுக்கு ஒரு காபி கிடையாது. அப்புறம் கறுப்பு காலேஜ் பசங்க அந்தக் கவுன்டர்ல போய் உக்காந்தாங்க. தலைல சர்க்கரையக் கொட்டுனாங்க, அடிச்சாங்க. எழுந்திருக்கலயேம்மா!" என்பார் வாத்தியார்.

மேகலா கண் இமைக்காமல் கேட்பாள். கல்யாணமான புதிதில் நான் கான்பூர் போன கதையைச் சொன்னபோது கொட்டாவி விட்டவள் இவள்.

அவளுக்கு ரொம்பப் பிடித்தது பஸ் கதை. "அந்தம்மாவும் என்ன மாதிரி தையல்காரங்கதான். வெள்ளைக்காரனுக்கு எடம் விட்டு எழுந்திருக்க மாட்டேன்னு உக்காந்துட்டாங்க. போலீஸ் புடிச்சிக்கினு போயிடுச்சி. அந்த ஊரு கறுப்பு ஜனம் மொத்தமும் ஒரு வருஷத்துக்கு மேல பஸ்ஸே ஏறல. வேலைக்கு நடந்தே போச்சி!" என்று சப்பாத்தி தேய்த்தபடியே ஒப்பிப்பாள்.

நானும் கேட்டேன். ஒரு தேசம் தன்னைத்தானே கேள்வி கேட்டு மாறிய அந்தப் பெரிய கதையில் என் மண்டையில் தங்கியது ஒன்றே ஒன்றுதான்: சீட்டில் உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்கக் கூடாது.

அந்தச் சமயத்தில், எங்கள் கம்பெனியிலேயே வேலை பார்த்த மேகலாவின் தங்கை சுகுணாவுக்கு ஏலகிரியில் ஒரு இடம் வந்தது. பையனுக்கு வாணியம்பாடியில் வேலை. அவர்கள் வந்து பெண் பார்த்துப் பிடித்துப்போய், இப்போது நாங்கள் போய் வீடு பார்க்க வேண்டும். சுகுணா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். "கல்யாணத்துக்கப்புறமும் நான் கம்பெனிக்குப் போவேன். அதுக்குச் சரின்னா சாப்பிட்டு வாங்க. இல்லன்னா பச்சத்தண்ணி குடிக்காம வந்துடுங்க." அந்த வீட்டில் கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்ததாக அர்த்தம். மாமனார் உயிரோடு இல்லாததால், இதைப் பக்குவமாகப் பேசும் பொறுப்பு வாத்தியாருக்கு.

வேன் வந்து நின்றதும் முதல் ஆளாக ஓடி முன்சீட்டில் ஏறினேன்.

மாமியார் பூ, பழம், தேங்காய், வெற்றிலை, ஸ்வீட் எல்லாம் அடுக்கிய தட்டோடு வந்து திகைத்து நின்றார். "மாப்ள, நீங்க கொஞ்சம் பின்னாடி…"

"எழுந்திருக்க மாட்டேன் அத்த."

கண்ணாடி முன் சொல்லிப் பார்த்துவிட்டு வந்த வசனம் அது.

டிரைவர் பாஷா பாய் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "இன்னா தோஸ்த், காலையிலயே பேஜார் பண்ற?"

மேகலா ஜன்னலுக்கு வந்தாள். "யோவ், எறங்கு."

"காரணம் சொல்லு, எறங்குறேன்."

அவள் வேனுக்குள் நிறைந்திருந்த சொந்தக்காரர்களைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். காரணமே இல்லை, வெறும் அடக்குமுறைதான் என்று முடிவு செய்துகொண்டேன்.

"உடுங்கம்மா. தம்பி ஆசைப்படறாரு, உக்காரட்டும்" என்றார் வாத்தியார். அந்த 'ஆசைப்படறாரு' என்னை இன்னும் அழுத்தமாக உட்கார வைத்தது. மாமியார் வேறு வழியில்லாமல் தட்டை என் மடியில் வைத்தார். வாத்தியார் எனக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

மலையடிவாரம் வரை சொர்க்கம். ஏசி காற்று நேராக என் முகத்துக்கு வந்தது. (இவ்வளவு காலம் இதை ஒரே ஆள் அனுபவித்தாரே!) கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பித்ததும் திரும்பி வாத்தியாரைப் பார்த்தேன். அவர் முகம் ராணிப்பேட்டைத் தொட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த தோல் மாதிரி நீலம் பாரித்திருந்தது. தோற்றுப்போனவன் முகம் இப்படித்தான் இருக்கும் என்று மகிழ்ந்தேன். பாதி மலையில் அவர் என் தோளைத் தொட்டார். சமாதானம் பேச வருகிறார் என்று நினைத்துப் பெருந்தன்மையோடு சாய்ந்து காது கொடுத்தேன்.

வந்தது பேச்சு இல்லை. காலையில் சாப்பிட்ட இட்லி, வடை, சாம்பார் அத்தனையும் என் கழுத்து வழியாக இறங்கித் தட்டில் போய்ச் சேர்ந்தது.

வேன் நின்றது. மாமியார் தலையில் கை வைத்துக்கொண்டார். "வண்டி ஏறுனாலே அவருக்கு ஒத்துக்காது மாப்ள, மலைன்னா கேக்கவே வேணாம். முன்னாடி உக்காந்தாதான் தாங்குவாரு. பெரிய மாப்ளயப் பத்தி இத்தன பேரு எதுர்ல அத எப்படிச் சொல்றது?"

"இந்தக் கோலத்துல என் வண்டில ஏறாத" என்றார் பாஷா பாய்.

மேகலா தன் பங்குக்கு வந்தாள். "அவங்க அடி ஒதய்க்குத் துணிஞ்சி உக்காந்தாங்க. நீ ஏசிக்கு உக்காந்த. அவங்க ஒரு வருஷம் நடந்தாங்க இல்ல? நீ மீதி மலைய நட."

வாத்தியார் முன்சீட்டுக்கு மாறினார். வேன் போய்விட்டது. நான் தட்டில் தப்பிப் பிழைத்த தேங்காயோடு நடந்தேன். குரங்குகள்கூட என்னை முகர்ந்து பார்த்துவிட்டு விலகி உட்கார்ந்தன.

மாப்பிள்ளை வீட்டை அடைந்தபோது வாத்தியார் பலாமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். ஒருவர் விசிறினார், ஒருவர் எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்தார். வாந்தி எடுத்தவருக்கு விசிறி, வாந்தி வாங்கினவனுக்கு ஒரு பக்கெட் தண்ணீர். வாந்தி எடுக்கும் பாக்கியம்கூட எனக்கு இல்லையே என்று அப்போதும் வயிறு எரிந்தது.

குளித்து, மாப்பிள்ளையின் அப்பா கொடுத்த தொளதொள சட்டையை மாட்டிக்கொண்டு வந்தேன்.

"வாத்தியாரு படுத்துட்டாரு. நீங்க பேசுங்க" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

என் காலம் வந்துவிட்டது. தொண்டையைச் செருமினேன். "அமெரிக்காவுல போர் முடிஞ்சப்போ, அங்க பொண்ணுங்க நிலம இன்னா ஆச்சின்னா…"

மாப்பிள்ளையின் அம்மா முகம் மாறியது. "இன்னாங்க, பொண்ணுக்கு அமெரிக்காவுல வேற எடம் பாக்குறாங்களா?"

"அப்படின்னா எங்கள எதுக்குங்க அலைய விட்டீங்க?" என்று அப்பா எழுந்துவிட்டார். பந்திக்கு இலை விரித்தவர்கள் அதைச் சுருட்ட ஆரம்பித்தார்கள்.

"இருங்க மாமா" என்று மேகலா எழுந்தாள். "போர் நடந்தப்போ அங்க பொண்ணுங்கள ஃபேக்டரிக்கு வா வான்னு கூப்ட்டாங்களாம். முடிஞ்சதும் போய்ச் சோறாக்குன்னு அனுப்பிட்டாங்களாம். அவரு சொல்ல வந்தது அதான். எங்க சுகுணா வேலைய உடமாட்டா. உங்களுக்குச் சம்மதமா? அது தெரியாம நாங்க கை நனைக்க முடியாது."

மாப்பிள்ளையின் அம்மா மெல்லச் சொன்னார்: "நானும் பேர்ணாம்பட்டுல கம்பெனிக்குப் போனவதான். கல்யாணத்தோட நிறுத்திட்டாங்க." பிறகு கணவரை ஒரு பார்வை பார்த்தார். அவர் எங்கள் யாரையும் பார்க்காமல் பலாமரத்தைப் பார்த்தபடி சொன்னார்: "மருமவ போவட்டும். எலையப் போடுங்க."

சாப்பிட்டோம். கோழிக்கால் மேகலாவின் இலையில் விழுந்தது. மலையில் நடந்து வந்தவனுக்கு வழக்கம்போலக் கழுத்து. அன்று முதல் நான் பொறாமைப்பட வீட்டுக்குள்ளேயே இன்னொரு ஆள் சேர்ந்துகொண்டாள்.

சுகுணா இப்போது வாணியம்பாடியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வேலைக்கு வருகிறாள். மேகலா எம்.ஏ. பாஸ் செய்துவிட்டாள். பரீட்சையில் அந்த பஸ் கதையே வந்ததாம். "உன் மூஞ்சிதான் ஞாபகம் வந்துச்சி. சிரிப்ப அடக்கிக்கினு எழுதினேன்" என்றாள்.

வாத்தியார் பெருந்தன்மைக்காரர். போன முறை சோளிங்கர் புறப்பட்டபோது, "மாத்திர போட்டுக்கினேன் தம்பி, நீங்க முன்னாடி உக்காருங்க" என்றார். நான் அண்டாவைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடிவிட்டேன்.

என் மாமியாருக்கு அமெரிக்கா எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாது. ஆனால் வேன் புறப்படும் ஒவ்வொரு முறையும் பாஷா பாயிடம் கேட்காமல் இருக்க மாட்டார்:

"அமெரிக்கா பின்னாடி ஏறிடுச்சா? அப்போ வண்டிய எடு."